ஹாங்காங்குக்கு என் முறை

ஏரியில் இறாலைத் தடவிப் பிடிக்கும்போது இரண்டு கையும் சேற்றில் இருக்கும். அதனால் இறால் போடும் ஓலைப்பறியை வாயில் கவ்விக்கொள்வோம். அந்த வாயோடுதான் நானும் என் சிநேகிதியும் ஹாங்காங் பாஷை படித்தோம். அங்கே வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்று பொன்னேரி ஏஜென்ட் ஒருவர் சொல்லியிருந்தார்.

வீட்டில் செல்போனில் பார்த்து நான் படித்து, ஏரியில் அவளுக்குச் சொல்லித் தருவேன். வீட்டுக்காரம்மா கூப்பிட்டால் 'தங் ஜன்', கொஞ்சம் இருங்க. வாசலில் ஆள் வந்தால் 'ம்கோய் தங் தங்', தயவுசெய்து காத்திருங்கள். 'தங் ஙோ' என்றால் எனக்காகக் காத்திரு. அரிச்சுவடியோடு நாங்கள் கைகழுவிய அந்த 'ஙோ' வந்தாலே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். பறி நழுவித் தண்ணீரில் விழும்.

வேலை முதலில் எனக்குத்தான் வந்தது. மகளை நர்ஸிங் படிக்க வைக்க எனக்கும் வேறு வழியில்லை. ஆனால் என் சிநேகிதியின் புருஷனின் படகு உடைந்து, வீட்டில் அடுப்பெரியாத நேரம் அது. "நீ முன்னாடி போடி, அடுத்தது நான் வரேன்" என்றேன். எங்கள் ஊரில் ஏரிக்கே பாடு என்று முறை உண்டு. இன்று உன் வலை, நாளை என் வலை. ஒருவன் முறையில் இன்னொருவன் கை வைக்க மாட்டான். ஹாங்காங்குக்கும் அதே சட்டம் என்று நினைத்தேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பஸ் கிளம்பியதும் ஜன்னலில் தலையை நீட்டி, "தங் ஙோ!" என்று கத்தினாள்.

போனில் கேட்கும்போதெல்லாம், "இருடி, மேடத்தோட தங்கச்சி வீட்டுக்கு ஆள் கேக்குறாங்க, உன்னத்தான் சொல்லிகிறேன்" என்பாள். நம்பிப் பாஸ்போர்ட்கூட எடுத்துவிட்டேன்.

போன வாரம் அவள் நாத்தனார் என் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, மேடத்தோட தங்கச்சி வீட்ல எனக்கு வேல ஆயிடுச்சு. அண்ணிதான் வாங்கிக் குடுத்துச்சு. பாஷைய உன்னாண்ட கத்துக்கச் சொல்லுச்சு."

என் இடத்தைப் பிடுங்கியதோடு விடாமல், வாத்தியார் வேலையையும் எனக்கே கொடுத்திருக்கிறாள்!

வந்தவள் சின்னப் பெண், பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தேன். மடமடவென்று பிடித்துக்கொண்டாள்.

"'தங் ஙோ'ன்னா இன்னாக்கா?"

"எனக்காகக் காத்துனு இருன்னு அர்த்தம்."

"அத அங்க யாராண்ட சொல்லணும்?"

"அங்க வேணாம்மா" என்றேன். "பஸ் ஏறும்போது இங்க இருக்கிறவளாண்ட சொல்றது."