புர்க்கினா பாசோவில் ரெண்டு ரொட்டி கோசோங்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது எங்கள் வீட்டில் எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயம். அப்படிப்பட்டவளைப் பார்த்து முகம் தெரியாத ஒருவர், "இந்தக் கணக்கை எத்தனை பேர் பயன்படுத்துகிறீர்கள்?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? அதுவும் நான் பதினான்கு கட்டுரை எழுதி முன்வரிசையில் நிற்கும்போது. சரி, பதினான்கையும் நான் எழுதவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

மலேசியாவில் லாபு பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் எடைப்பாலத்தில் எனக்கு வேலை. பழக்குலை ஏற்றி வரும் லோரி பாலத்தின் மேல் ஏறி நிற்கும், கணினியில் எடை விழும், நான் சீட்டுக் கிழித்துக் கொடுப்பேன். ஒரு லோரிக்கும் அடுத்த லோரிக்கும் நடுவில் சில நாள் பத்து நிமிடம் கிடைக்கும், சில நாள் அரை மணி நேரம்கூடக் கிடைக்கும். அப்படி ஒரு இடைவெளியில்தான் எங்கள் தமிழ்ப்பள்ளியின் பழைய மாணவர் வாட்சப் குழுவில் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியம் ஒன்று, தமிழில் போட்டி வைத்திருந்தது. பொருள், வளரும் நாடுகள். ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள். அந்த நாடுகளின் ஊர், ஆறு, உணவு, திருவிழா என்று எதைப் பற்றியும் எழுதலாம். ஒரு மாதத்துக்குள் பத்துக் கட்டுரை எழுதினால் பேர் போட்டு ஒரு சான்றிதழ்.

எனக்கு அது பொழுதுபோக்கு. என் அண்ணிக்கு அப்படி இல்லை.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. செம்பனைத் தோட்டத்து முச்சந்தியில் ரொட்டி சானாய் கடை வைத்திருக்கிறார். அவர் வீசும் ரொட்டிக்கு நீலாய் டவுனிலிருந்துகூட ஆள் வரும். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு நான்கு தம்பி தங்கைகளை வளர்த்தவர். ஆனால் தமிழ்ப் பேப்பரைத் தலைப்பிலிருந்து கடைசிப் பக்கத்தில் அச்சிட்டவர் முகவரி வரை படிக்காமல் கீழே வைக்க மாட்டார். கோயில் நோட்டீசில் பிழை இருந்தால் தலைவருக்கே போன் அடிப்பார். அண்ணன் வீட்டு ஹாலில் பிள்ளைகள் இரண்டு பேரின் சான்றிதழும், அண்ணன் ஆலையில் இருபத்தைந்து வருஷம் வேலை செய்ததற்கு வாங்கிய பட்டயமும் வரிசையாகத் தொங்கும். நான் போட்டியைப் பற்றிச் சொன்னதும் அண்ணி அந்தச் சுவரைத்தான் பார்த்தார்.

"எம்பேருல ஒன்னு மாட்டணும் பாப்பா," என்றார். "பூமாலை போட்டு என் போட்டோவ மாட்டறதுக்கு முன்னாடி."

எனக்கு நாற்பத்தாறு வயது. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

வேலை இப்படி நடந்தது. நான் எடைப்பாலத்தில் உட்கார்ந்து இங்கிலீசிலும் மலாயிலும் படித்துக் குறிப்பு எடுப்பேன். சாயங்காலம் அண்ணன் வீட்டில் அதைக் கதையாகச் சொல்வேன். அண்ணி கேட்டுவிட்டு அழகான தமிழில் திருப்பிச் சொல்வார், நான் தட்டச்சு செய்வேன். லெசோத்தோ என்ற நாட்டைச் சுற்றி நாலு பக்கமும் ஒரே நாடுதான் இருக்கிறது என்றேன். "மாமியார் வீட்டுக்குள்ளயே தனிக்குடித்தனம் போன மாதிரிலா இருக்கு," என்றார். செம்பனையே மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்று சொன்ன அன்றைக்குத்தான் அவருக்கு நிஜமாகவே ருசி கண்டது. "அப்ப அவங்கதான் நம்ம முதலாளி," என்று சிரித்தார். மறுநாளிலிருந்து கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கறியோடு கானா நாட்டையும் ஊற்றினார்.

இரண்டு வாரத்தில் நான் ஒரு சுருக்குவழி கண்டுபிடித்தேன். அண்ணியின் போனிலும் என் கணக்கையே திறந்து கொடுத்து, பேசினால் எழுத்தாக விழும் வசதியைக் காட்டினேன். எங்கள் தோட்டத்தில் அது தப்பாகவே தெரியாது. ஒரு வீட்டில் வைபை போட்டால் நாலு வீட்டுக்குப் பாஸ்வேர்ட் தெரியும். கோயில் கூட்டுவது, கல்யாணத்துக்குப் பந்தல் போடுவது எல்லாமே கோத்தோங் ரோயோங்தான். நாலு பேர் சேர்ந்து செய்வோம், யார் எவ்வளவு கூட்டினார் என்று பேர் எழுதிக்கொள்ள மாட்டோம். கட்டுரைக்கும் அதுவே போதும் என்று இருந்துவிட்டோம்.

அப்புறம்தான் அந்தப் புதன்கிழமை வந்தது. காலை ஏழரைக்குக் கடையில் கூட்டம். ஒரு கையில் மாவும், எண்ணெய் டின்மேல் சாய்த்து வைத்த போனுமாக அண்ணி புர்க்கினா பாசோவைச் சொல்லிக்கொண்டிருந்தார். முடித்ததும் முழங்கையால் சேமிப்புப் பொத்தானை அமுக்கிவிட்டார். மத்தியானம் போட்டி நடுவரின் கேள்வி என் திரையில் வந்து நின்றது. நான் கட்டுரையைத் திறந்து பார்த்தேன்.

"புர்க்கினா பாசோவின் தலைநகரம் வாகடூகு ஆகும். இங்கு ரெண்டு ரொட்டி கோசோங் ஒரு தெலூர் கறி பாஞ்சிர் பண்ணு. மக்களின் முதன்மைத் தொழில் வேளாண்மை ஆகும். தம்பி தாப்பாவா கட்டவா இங்கயே சாப்பிடுறியா. பருத்தி பெருமளவில் விளைகிறது. சில்லறை இல்லலா அப்புறம் குடு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நடுவர் எந்த ஊர்க்காரரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. ரொம்ப மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். கட்டுரையின் நடுவில் சில வரிகள் பொருந்தவில்லை, ரொட்டி கோசோங் என்பது என்ன என்று அறிய ஆவல், அதே நிமிடத்தில் இதே கணக்கிலிருந்து பொலிவியாவைப் பற்றி வேறொரு கட்டுரையும் சேமிக்கப்பட்டுள்ளதே, இந்தக் கணக்கை எத்தனை பேர் பயன்படுத்துகிறீர்கள்? பொலிவியா நான்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு மனுஷிக்கு ரெண்டு கை இருக்காதா?" என்று ஆரம்பித்து நீளமாக ஒரு பதில் தட்டினேன். வெளியே லோரிக்காரன் ஹாரனை விடாமல் அமுக்கினான். சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வந்து படித்துப் பார்த்தேன். அதில் ஒரு வார்த்தைகூட உண்மை இல்லை. அழித்துவிட்டு, வேலை முடிந்ததும் நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அண்ணியிடம் புர்க்கினா பாசோவைப் படித்துக் காட்டினேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அண்ணன் எழுந்து வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். சிரித்து முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி அண்ணி கேட்டார்.

"ஆமா, அந்த சர்ட்டிபிகேட்டு யார் பேருல வரும்?"

அந்த நிமிடம் வரை நான் அதை யோசிக்கவே இல்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. யோசித்திருந்தேன். முதல் நாளே போட்டிப் படிவத்தில் பேர் கேட்டார்கள், என் பேரை மட்டும் முழுசாகப் போட்டேன். பட்டியலில் என் பேர் மேலே ஏற ஏற, அண்ணிக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இப்போது அந்தச் சின்ன வீட்டில் ஓடி ஒளிய இடம் தேடினேன்.

"எம்பேருலதான் அண்ணி," என்றேன்.

 அவர் என் கப்பில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அங்கேயே உட்கார்ந்து நடுவருக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். இரண்டு பேர், ஒரு கணக்கு, ஒருவர் ரொட்டி வீசுபவர், போனில் சொன்ன ஆறு கட்டுரைகள் அவருடையவை. பதில் மறுநாள் வந்தது. ஒரு கணக்கு ஒருவருக்குத்தான், அந்த ஆறும் போட்டியில் சேராது, இன்னொருவர் பேருக்கு மாற்றவும் வழியில்லை, ஆனால் உண்மையைச் சொன்னதால் இருவரும் தனித்தனியாகத் தொடரலாம் என்றிருந்தது. ஆறு நாள் மீதி. எனக்கு எட்டு. அண்ணிக்குச் சைபர்.

"விட்டுடலாம் அண்ணி, அடுத்த வருஷம் பார்ப்போம்," என்றேன்.

"அடுத்த வருஷம் எனக்கு எந்த முட்டி வலிக்குமோ," என்றவர் போனை என்னிடம் நீட்டினார். "எனக்குன்னு ஒரு கணக்கு தொறந்து குடு. இந்தத் தடவ வாயால இல்ல. வெரலால."

பதினோரு மணிக்குக் கடையைச் சாத்தியதும், போட்டிப் படிவத்தில் பேரையும் அவரே போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். முதல் கட்டுரைக்கு மூன்று மணி நேரம் ஆனது. குறிப்பு எடுப்பது வரை நான் உதவலாம், எழுதுவது அவரவர்தான் என்று நடுவர் சொல்லியிருந்ததால் வேலை முடிந்து வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். ஒரு எழுத்துக்கு ஒரு யுகம். அண்ணன் சட்டி கழுவிக்கொண்டே, "ஆப்பிரிக்கா போனவ சோறாக்க எப்ப வருவா?" என்பார். "நேபாள் வழியா வர்றேன், லேட்டாகும்," என்பார் அண்ணி. ஐந்தாம் நாள் விரலுக்கு வேகம் வந்துவிட்டது. கடைசி நாள் பொழுது சாய்வதற்குள் பத்தும் முடித்துவிட்டார். எனக்கு ஒன்பது ஆகியிருந்தது. பத்தாவதும் பாதிக்கு மேல் தயார். போட்டி மறுநாள் காலை நம் நேரத்துக்கு எட்டு மணிக்குத்தான் முடியும், எழுந்து முடித்துக்கொள்ளலாம் என்று படுத்தேன்.

காலையில் போனைத் திறந்தால், மலாவி ஏரியைப் பற்றி அண்ணி எழுதியதை நீக்கியிருந்தார்கள். அது வேறொரு தலைப்பில் ஏற்கெனவே இருக்கிறதாம். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். அப்போது மணி ஆறே கால். கல்லைச் சுற்றி ஆள்.

விஷயத்தைச் சொன்னதும் அண்ணியின் கை மாவு உருண்டையோடு அப்படியே நின்றது. "ஒன்பதுக்கு என்னா குடுப்பாங்க?" என்றார்.  இந்தக் கூட்டத்தை விட்டுவிட்டு அவர் எங்கே போவார், எதைப் படித்து எதை எழுதுவார்? நாட்டுப் பட்டியலை மேலும் கீழுமாகத் தள்ளினேன். இத்தனை நாள் வாயில் நுழையாத பேராகப் பார்த்துத்தான் பொறுக்கியிருக்கிறோம். பட்டியலில் மலேசியாவும் இருந்தது.

"நம்மளும் வளரும் நாடா?" என்று சட்டி கழுவிய அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

எனக்கு நடுவரின் கேள்வி ஞாபகம் வந்தது. "அண்ணி, ரொட்டி கோசோங்னா என்னன்னு அந்த மனுஷன் கேட்டாரே. இன்னும் பதில் சொல்லலையே."

தேடிப் பார்த்தேன். ரொட்டி சானாய்க்குத் தமிழில் கட்டுரை இல்லை. சான்றுக்கு அண்ணியின் கடை அலமாரியில் எண்ணெய் பிடித்த மலாய் சமையல் புத்தகம் ஒன்று இருந்தது. பேப்பரில் வந்த கட்டுரை ஒன்றை நான் இணையத்தில் எடுத்துக் கொடுத்தேன். அண்ணி கையைக் கழுவிக்கொண்டு, கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நான் கல்லுக்கு முன்னால் நின்றேன்.

என் ஜென்மத்தில் நான் ரொட்டி வீசியது கிடையாது. முதல் ரொட்டி கல்லில் பாதியும் என் தோளில் பாதியுமாக விழுந்தது. இரண்டாவது கிழிந்தது. மூன்றாவதைத் தட்டில் வாங்கிய லோரிக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அக்கா, இது எந்த நாடு?"

"சாட். வாய மூடிட்டுச் சாப்பிடு," என்றேன்.

அதற்குப் பிறகு கேட்கவா வேண்டும். எனக்கு நைஜர் குடு, எனக்குப் பொலிவியா, கறி பாஞ்சிர் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. பின்னால் அண்ணி உதட்டைக் கடித்தபடி தட்டிக்கொண்டே இருந்தார். கோசோங் என்றால் உள்ளே ஒன்றும் வைக்காதது, தெலூர் என்றால் முட்டை வைத்தது, பாஞ்சிர் என்றால் கறியை வெள்ளமாக ஊற்றுவது, மாவை எத்தனை நேரம் ஊறவிட வேண்டும், ஏன் கையில் எண்ணெய் தடவ வேண்டும். இதையெல்லாம் யாரும் அவருக்குக் கதையாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏழு ஐம்பத்து மூன்றுக்குப் பொத்தானை அமுக்கினார், முழங்கையால் அல்ல.

நான் ஏப்ரனைக் கழற்றிய போது மணி எட்டு ஐந்து. என் பத்தாவது கட்டுரை பாதியிலேயே போனில் கிடந்தது. ஒன்பதுக்கு என்ன கொடுப்பார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். ஒன்றும் கொடுக்க மாட்டார்கள். ஆலைக்குப் பிந்திப் போய், வரிசையில் நின்ற நாலு லோரிக்காரர்களிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வருத்தமாக இருந்ததா என்றால், பத்து மணி வரை இருந்தது.

மூன்று வாரம் கழித்துச் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தது. அண்ணி எனக்கு அனுப்பிவைக்க, ஆலை அலுவலகத்தில் நல்ல காகிதமாகப் பார்த்து அச்செடுத்தேன். காகிதம் வெளியே வந்ததும் எடுத்துப் பார்த்துவிட்டு, இது யாருடையது என்று ஒரு கணம் திகைத்தேன். பேரும் அப்பா பேருமாக முழுப்பேர். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். எனக்கு அண்ணி, ஊருக்கு ரொட்டிக்கடை அக்கா, அண்ணனுக்கு "ஏ, இங்க பாரு." அவருடைய முழுப்பேரை நான் அன்றைக்குத்தான் படித்தேன்.

கடைக்குக் கொண்டுபோனேன். கை மாவாக இருந்ததால் அவர் அதைத் தொடவில்லை. "படி," என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் காதில் விழும்படி பேரைச் சத்தமாகப் படித்தேன்.

"இன்னொரு தடவ படி, பாப்பா."

படித்தேன். கல்லில் ஒரு ரொட்டி கருகிக்கொண்டிருந்தது, அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.