கோடிச் சேலையில் கடல் மண்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால், சங்கத் தலைவருக்குக்கூட பிறகுதான் ஆள் போகும். முதலில் போவது கணபதியண்ணன் வீட்டுக்கு. நமுனுகுலை மலைக்கு அடியில் இருக்கிற எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யார் செத்தாலும் பந்தல் போடுகிற இடத்திலிருந்து குழி வெட்டுகிற இடம் வரைக்கும் அவர்தான் நின்று பார்ப்பார். கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற கைதான். தேயிலையை வெட்டி வெட்டிக் காப்புக் காய்த்த கை. ஆனால் செத்தவரைக் குளிப்பாட்டும்போது அந்தக் கை பிள்ளையைத் தொடுகிற மாதிரி இருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் யாருக்கும் விட்டுக் கொடுக்கமாட்டார். புருசன் செத்துப்போன பொம்பளைக்குப் பொறந்த வீட்டுக் கோடி வரவேண்டும். அண்ணனோ தம்பியோ புதுச் சேலை கொண்டுவந்து அவள் தோளில் போட்ட பிறகுதான் பாடையைத் தூக்க விடுவார். மழை கொட்டினாலும், பாதிரியாரோ ஐயரோ அவசரப்படுத்தினாலும், வாசலில் நின்று ஒரே சத்தமாகக் கேட்பார்: “பொறந்த வீட்டுக் கோடி வந்துருச்சா?” வரவில்லை என்றால் தூக்க விடமாட்டார். “அவளுக்குப் பின்னாடி ஆளு இருக்குன்னு ஊருக்குத் தெரியணும்” என்பார். பசறைப் பக்கத்திலிருந்து அண்ணன்மார் வந்து சேரட்டும் என்று ஒரு முறை ராத்திரி முழுக்க வைத்திருந்தார். எங்கள் குளிருக்கு அதெல்லாம் தாங்கும்.

போன மாசம் மேல்பிரிவில் ஒரு சாவு. கணபதியண்ணன் வந்தார், வேலையெல்லாம் பார்த்தார். கோடி கேட்கவில்லை. நாங்கள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு அடுப்படிப் பக்கம் வந்து உட்கார்ந்தவர், யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன். எனக்கு அஞ்சாம் வகுப்புப் படிப்புதான். அம்மன் துணையிருந்தால் சரியாக வரும்.

அவருக்கு ஒரே தங்கச்சி, கலாராணி. கலவர காலத்தில் மலையை விட்டு வடக்கே போய்க் குடியேறிய ஒரு குடும்பத்தில், கிளிநொச்சிப் பக்கம், வாழ்க்கைப்பட்டுப் போனவள். மாமியார் வீட்டில் அவளுக்கு ஒரு குத்தல் பேச்சு எப்போதும் உண்டு. “ஒங்க மலையிலருந்து ஒரு நல்லது கெட்டதுக்கு யாராச்சும் எறங்குவாங்களா?” என்பார்களாம். தூரம் அப்படி. கணபதியண்ணன் அவள் மகள் யசோதினி சடங்கானதுக்கு ஒரு தடவை போனதோடு சரி.

அந்தத் தங்கச்சி புருசன் வயலுக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்துவிட்டார். மத்தியானம் செய்தி வந்தது. அண்ணன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நேரே பதுளைக்கு இறங்கி, வாஹித் நானாவின் புடவைக்கடையில் ஒரு இளம்பச்சைச் சேலை எடுத்து, முனையில் மஞ்சள் தடவிக்கொண்டு அந்தி ரயிலைப் பிடித்தார். பஸ்ஸில் என்றால் பல இடத்தில் மாறவேண்டும். ரயில் என்றால் கொழும்புக் கோட்டையில் இறங்கி யாழ்ப்பாண ரயிலில் ஏறினால் முடிந்தது. அண்ணிக்கு முழங்கால் வலி. மற்றவர்கள் கருமாதிக்கு வருவதாகப் பேச்சு. ஆகவே தனியாள்.

கோடிக்கு ஒரு முறை உண்டு. அதை யார் வீட்டுக்குள்ளும் கொண்டுபோகக் கூடாது, கோயில் வாசலை மிதிக்கக் கூடாது, தரையில் வைக்கக் கூடாது. போடும்வரை தண்ணி படக்கூடாது. பையை மடியில் வைத்தபடியே கொழும்பு வரை உட்கார்ந்திருந்தார். அதே பெட்டியில் வாஹித் நானாவும் சாமான் எடுக்கப் போய்க்கொண்டிருந்தார். ஹப்புத்தளை தாண்டி ரோட்டுப் பக்கத்துக் கல்லும் மண்ணும் தண்டவாளத்தில் சரிந்து, ரயில் மலையிலேயே நின்றுவிட்டது. கோட்டைக்குப் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. காலை ரயில் போய்விட்டது. அடுத்தது ராத்திரிக்குத்தான், விடியிற நேரம் கிளிநொச்சியில் இறக்கும் என்றார்கள்.

வாஹித் நானா அவர் கையைப் பிடித்தார். “அண்ணன், பஸ் ஸ்டேண்ட் இந்தா கிட்டத்துலதான் ஈக்கிது. நான் ஏத்தி விடுறன். பொழுதுபட முந்தி போய்ச் சேந்துரலாம்.”

“பஸ்ஸுன்னா எனக்கு வாந்தி வருங்க நானா.”

“பதுளை வளைவுல வராத வாந்தி, நேர் ரோட்டுலயா வரப்போகுது?” என்று நானா சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. ரயிலிலேயே போறேன் என்றார். சாவுக்குப் போகிற மனுசனை வற்புறுத்துவது சரியில்லை என்று நினைத்தாரோ என்னவோ, நானா தோளைத் தட்டிவிட்டுத் தன் வேலைக்குப் போனார்.

இந்த இடத்தில் கணபதியண்ணன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். “வாந்தி வாறது நெசந்தான். ஆனா அன்னைக்கு அதுக்காக நான் நிக்கல” என்றார்.

அவர் கடலைப் பார்த்ததில்லை. அம்பத்தெட்டு வயசு. சின்னப்பிள்ளையில் அவரும் கலாராணியும் விறகுக்கு மலையேறும்போது, வானம் வெளுத்த நாளில் தெற்கே வெகுதூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரியும். அவள் அதைக் கடல் என்பாள். இவர் அது மூடுபனி என்பார். விறகுக்கட்டை இறக்கிவைத்துவிட்டுச் சண்டை போடுவார்களாம். ரயில் இறங்கினதும் உப்புக் காற்று முகத்தில் அடித்தது. அந்த நினைப்பு வந்துவிட்டது.

யசோதினிக்குப் போன் எடுத்தார். ரயில் தப்பிவிட்டது, விடியிறதுக்கு வந்துவிடுவேன் என்றார். அவள் பாடையை எப்போது எடுக்கிறார்கள் என்பதைச் சொல்ல வாயெடுத்தாள். இவர் விடவில்லை. “கோடி வராம யாரு தூக்குவா, மகள்? நான் வந்து பாத்துக்கிறேன்.” அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “சரி மாமா” என்றாள். அந்தச் சத்தமில்லாத நேரத்தை அவர் அப்போது கவனிக்கவில்லை. எங்கள் தோட்டத்தில் அவர் சொன்னால் பாடை நிற்கும். எல்லா ஊரிலும் நிற்கும் என்று நினைத்துவிட்டார்.

அப்புறம் நடந்தார். செட்டியார் தெருவில் கோபுரத்தைக் கண்டதும் கால் தானாக நின்றது. கையில் கோடி இருக்கிறதே. எதிர்ப்பக்கத்து நகைக்கடை ஓரமாக நின்று, அங்கிருந்தே சாமியைக் கும்பிட்டார். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. கோயிலுக்குள் போகமுடியாது, தெரிந்தவர் வீட்டுக்கும் போகமுடியாது, கடலுக்குப் போகக்கூடாதென்று எவரும் சொல்லி வைக்கவில்லையே என்று அப்போது மனசு கணக்குப் பார்த்ததாம்.

வழி கேட்டுக் கேட்டுக் காலிமுகத்திடலுக்குப் போய்விட்டார். தாமரை மொட்டு மாதிரிக் கோபுரத்தைத் தூரத்தில் பார்த்தார். கப்பல்களைப் பார்த்தார், ஒரு கப்பலில் எங்கள் லயமெல்லாம் அடங்கும் என்றார். பிறகு கடல். அதைப் பற்றி அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. “முடியவே இல்ல, போய்க்கிட்டே இருக்கு” என்று மட்டும் சொன்னார். பட்டம் விடுகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பசி எடுத்தது. வண்டிக்காரன் இறால் வடை சுட்டுக்கொண்டிருந்தான். சாவு வீட்டில் தங்கச்சி பல்லில் பச்சைத்தண்ணி படாமல் உட்கார்ந்திருக்கும்போது இவர் அந்த வடையைச் சம்பலோடு தின்றார். தின்னும்போது ருசியாக இருந்தது என்று சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

படியிறங்கிக் காலை நனைத்தார். ஒரு அலை பெரிதாக வந்ததும் தடுமாறி, பையை வாய் திறந்தபடியே பக்கத்து மணலில் சாய்த்து வைத்துவிட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்தார். கொஞ்ச நேரந்தான். ஆனால் சிரித்துவிட்டாராம், வாய்விட்டு. போன் பைக்குள் சேலையோடு கிடந்தது. அலைச் சத்தத்தில் அது அடித்தது கேட்கவில்லை.

வெயில் தாழ, ஸ்டேசனுக்குத் திரும்பி வந்து போனை எடுத்தபோதுதான் யசோதினி பல தடவை கூப்பிட்டிருந்தது தெரிந்தது. உடனே திருப்பி எடுத்தார்.

“தூக்கிட்டாங்க மாமா” என்றாள். “இங்க வெயிலுக்குத் தாங்கல. நீங்க பஸ்ஸுல வாறீங்களா, பொழுதுபடுறவரைக்கும் வச்சிருக்கச் சொல்லட்டுமான்னு கேக்கத்தான் எடுத்தன்.”

“அம்மாவுக்குக் கோடி?”

“போடல.”

திரும்பிப் போய்விடலாமா என்று ஸ்டேசன் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தாராம். ஆனால் போடாத கோடியை எந்த வீட்டுக்குக் கொண்டுபோவது? எங்கள் பக்கத்தில் அது வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாத துணி. ராத்திரி ரயிலில் ஏறினார்.

விடியற்காலை போய்ச் சேர்ந்தார். பந்தலைப் பாதி பிரித்திருந்தார்கள். நடந்ததை யசோதினி வாசலிலேயே சொன்னாள். தூக்குகிற நேரத்தில் நாத்தனார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, மலையிலருந்து கோடி இன்னும் எறங்கலையோ என்று கேட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருத்தர் மனசு பொறுக்காமல், அண்ணன் முறைக்கு நான் நிக்கிறேன் என்று புதுச்சேலையோடு வந்திருக்கிறார். கலாராணி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, “எங்கண்ணன் வருவாரு. வேற கோடி எனக்கு வேணாம்” என்று சொல்லி, கட்டியிருந்த பழஞ்சேலையோடு உட்கார்ந்திருந்தாளாம்.

கணபதியண்ணன் உள்ளே போகத் தயங்கி வாசலில் நின்றார். தங்கச்சி தானே வெளியே வந்தாள். அண்ணன் தங்கச்சி கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுது முடிந்த பிறகு அவர் பையிலிருந்து சேலையை எடுத்தார். மடிப்புக்குள்ளிருந்து மணல் சரசரவென்று அவள் காலடியில் கொட்டியது.

அவள் குனிந்து பார்த்தாள். ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தாள்.

“கடலுக்குப் போனியாண்ணே?”

பொய் சொல்ல அவருக்கு ஒரு வினாடி போதும். ரயில்வே ஸ்டேசன் மண் என்று சொன்னால் நாத்தனார் வாயும் அடைபட்டிருக்கும். “ஆமாம்மா” என்றார். “பஸ்ஸு இருந்துச்சு. நான்தான் ஏறல.”

அவள் சேலையை வாங்கிப் பார்த்தாள். நாத்தனார் உள்ளே ஏதோ முணுமுணுத்தாள். பிறகு கலாராணி சேலையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். “கருமாதி வரைக்கும் இரு. அன்னைக்கு எல்லாரும் பாக்கப் போடு.” உள்ளே போகத் திரும்பியவள் நின்றாள். “மலையிலருந்து தெரிஞ்சது அதுதானா?”

“அதுதாம்மா. நீ சொன்னதுதான் சரி.”

“சரி” என்றாள். அதற்குப் பிறகு கடலைப் பற்றி அவள் பேசவே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்றார் அண்ணன்.

தோட்டத்து வேலைக்குத் திரும்பாமல் கருமாதி வரைக்கும் அங்கேயே இருந்தார். கோடியை வீட்டுக்குள் கொண்டுபோகாமல், தரையிலும் படாமல், வெளித் திண்ணைக் கூரை மரத்தில் தொங்கவிட்டு, அதற்குக் கீழேயே படுத்துக்கொண்டார். தினமும் முற்றத்துக்குக் கொண்டுபோய் உதறுவார். தண்ணியில் போட்டு அலசமுடியாதே, கோடியாச்சே. உதற உதற மணல் வந்துகொண்டே இருந்தது. கருமாதி அன்று எங்கள் ஆட்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எல்லார் முன்னாலும் அவள் தோளில் போட்டபோது, அவள் கழுத்தில் நறநறவென்று மணல் ஒட்டியதை அவர் மட்டும் பார்த்தார். அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

திரும்பி வந்து இத்தனை நாளாயிற்று. மாரியம்மன் கோயிலில் எரிகிற கற்பூரத்தை எல்லாரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்போது அவர் கடைசி ஆளாகத்தான் வருகிறார். கடல் பார்ப்பது பாவமா என்று என்னிடம் கேட்டார். அதெல்லாம் எனக்கு என்ன தெரியும். பாவமில்லைண்ணே, அன்னைக்குப் பாத்ததுதான் கொஞ்சம் தப்பு என்றேன். தலையாட்டினார்.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது பந்தலில் ஆட்கள் எழுந்துவிட்டார்கள். தூக்கப்போகிற நேரம். செத்தவருடைய பெண்சாதிக்கு அண்ணன்மார் மொனராகலையிலிருந்து வரவேண்டும், இன்னும் வரவில்லை. முன்னெல்லாம் என்றால் அண்ணன் வாசலை மறித்துக்கொண்டு சத்தம் போட்டிருப்பார். இந்த முறை எழுந்து, சத்தமில்லாமல் ஒரு குடையை எடுத்துக்கொண்டு பஸ் வருகிற ரோட்டுக்கு இறங்கினார். தூறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ரோட்டு வளைவில் தெரிந்தார்கள். அந்த அண்ணன்காரர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நேரமாகிவிட்டதென்று ஏதோ காரணம் சொல்லிக்கொண்டே ஓட்டமும் நடையுமாக வந்தார். கணபதியண்ணன் எதையும் கேட்கவில்லை. தான் நனைந்துகொண்டு, குடையை அந்தப் பைக்கு மேலே பிடித்தபடி நடந்து வந்தார்.