சாங்-உக் வரைந்த அட்டவணைகள்

தென்கொரியாவின் மொக்போ துறைமுகத்தை ஒட்டிய சிறு கணினி நிறுவனத்தில் பியோ சாங்-உக்கின் விரல்களுக்கு ஈடு கிடையாது. தரவுத்தள அட்டவணைகளை வரிவரியாகக் கட்டளை எழுதியே உருவாக்குவார். திரையில் படம்போல வரைந்து அட்டவணை போடும் மென்பொருளை இளையவர்கள் தொட்டால், "என்னப்பா, பாலர் வகுப்பா நடக்குது?" என்பார்.

ஐம்பத்திரண்டாம் வயதில் பக்கவாதம் வந்தது. கைகால் தேறின, சொற்கள் திரும்பவில்லை. ஓர் எழுத்துகூட எழுத வரவில்லை. எதைக் கேட்டாலும் வாயில் வந்தது ஒரே சொல்: "ஆமா."

அந்த இளையவர்களில் அவரிடம் அதிகம் திட்டு வாங்கிய ஒக் தே-மின்தான் மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தான்.

"அண்ணே, அதே பாலர் வகுப்புதான். கோவிச்சுக்காம பாருங்க."

மீன் ஏலக் கூடத்துக்காக அவன் பாதி வரைந்திருந்த அட்டவணைப் படம் அது. சாங்-உக் வெகுநேரம் பார்த்தார். பிறகு சுட்டியைப் பிடித்து, 'மீன்', 'வாங்குபவர்' என்ற இரண்டு பெட்டிகளை இணைத்த கோட்டை அழித்தார். நடுவே புதிதாக ஒரு பெட்டியை வைத்து, இரண்டு பக்கமும் கோடு இழுத்தார்.

"அட, ஆமாண்ணே! ஒரே மீனை ரெண்டு பேர் பங்கு போட்டு எடுப்பாங்களே!" என்றான் தே-மின்.

அன்றிலிருந்து அவர் வரைந்தார். மனைவி மி-சுன் பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களைத் தட்டினாள். "இது எடைங்களா? விலையா?" எல்லாவற்றுக்கும் "ஆமா"தான். எது ஆமா, எது இல்லை என்பதை அவர் கண்ணைப் பார்த்தே கற்றுக்கொண்டாள்.

ஏலக் கூடத்தில் எல்லாம் ஒழுங்காக ஓடத் தொடங்கிய மாதம், முதலாளி அவரை மட்டும் தனியே கூப்பிட்டார். "உடம்பு முக்கியம் பியோ. வேலைய விட்டுட்டு ஓய்வெடுங்க, சம்மதம்தானே?"

"ஆமா" என்றார் சாங்-உக்.

மி-சுன் மறுநாள் நிறுவனத்துக்கு ஓடினாள். "அவருக்கு வேற வார்த்தையே வராதுன்னு உங்களுக்குத் தெரியாதாங்க?"

"நான் நேராத்தாம்மா கேட்டேன். தலையாட்டிச் சொன்னாரே" என்றார் முதலாளி, மேசையைப் பார்த்தபடி.

அதற்குப் பிறகும் தே-மின் சின்னச் சின்ன வேலைகள் கொண்டுவந்தான். ஒரு மழைநாளில் சாங்-உக் ஒற்றைப் பெட்டியை வரைந்துவிட்டு நிறுத்தினார்.

"இதுக்கு என்ன பேருங்க?" என்றாள் மி-சுன்.

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை, அந்த ஒரு சொல்கூட. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். மி-சுன் கணினியை மூடி அலமாரியில் வைத்தாள். அவர் அதை மறுபடி கைகாட்டிக் கேட்கவில்லை.