வாசப்படி அக்கா

கல்லூரி வாயிலைத் தாண்டி, சாலையையும் தாண்டி, எதிரே பழக்கடை நிழலில் போய் நின்றதும் அவர் முதலில் அலைபேசியில் வைஃபையை அணைக்கிறார். வாயிலருகே நின்றால் கல்லூரியின் வைஃபை விடாது. பாசக்கார உறவினர் போல வாசல்வரை கூடவே வரும். சாலையைக் கடந்தால்தான் தொலையும். அப்போதும் நம்பாமல் அணைத்துவிடுவார். பிறகு ஏதோ ஒரு இணைப்பைத் தட்டிவிட்டு, கீழுதட்டைக் கடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். பழக்கடைக்காரர் ஒரு தர்பூசணித் துண்டை நறுக்கி நீட்டுவார். வாங்கிக்கொள்வார், கடிக்க மாட்டார்.

“தொறந்துச்சா?” என்பார் கடைக்காரர்.

“இருங்கண்ணே.”

கட்டுரை முழுதாகத் திறந்த பிறகுதான் முதல் கடி. திறக்காத நாட்களில் அந்தத் துண்டு கடிபடாமலேயே நூலகத்துக்குத் திரும்பும், ‘உணவுப் பொருட்களுக்கு அனுமதி இல்லை’ என்ற பலகையைச் சொட்டச் சொட்டக் கடந்து. அந்தப் பலகையை மாட்டியவரும் அவர்தான்.

மாணவர்கள் அவரை வாசப்படி அக்கா என்கிறார்கள். என்னைவிட இளையவர்தான், இருந்தாலும் எனக்கும் வாயில் அக்கா என்றுதான் வருகிறது. நூலகத்தில் அவருடைய வேலை, ஆய்விதழ்களில் வரும் கட்டுரைகளை மாணவர்களின் கைக்குக் கொண்டுசேர்ப்பது. அவரைப் பற்றி எழுதலாம் என்று, ஆய்விதழ் என்றால் அலமாரியில் அடுக்கிய தாள்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவருடைய அறையில் ஒரு மேசை, இரண்டு திரைகள், ஜன்னலோரம் ஒரு மணிபிளாண்ட். மருந்துக்குக்கூட ஒரு இதழ் கிடையாது.

“இப்பல்லாம் நெட்லயே எல்லாம் கிடைக்குமே?” என்று கேட்டுவைத்தேன்.

“கிடைக்கும் சார். தலைப்பு கிடைக்கும், எழுதினவங்க பேர் கிடைக்கும். உள்ள போகணும்னாதான் காசு கேக்கும்.”

விஷயம் இவ்வளவுதான். கல்லூரி சந்தா கட்டியிருப்பதால், வளாகத்துக்குள் உட்கார்ந்து தட்டினால் கட்டுரை மறுபேச்சில்லாமல் திறந்துவிடும். வீட்டிலிருந்து தட்டினால், ‘நீ யார்?’ என்று கேட்கும். அதற்குப் பதில் சொல்ல ஒவ்வொரு இணைப்பின் முன்னாலும் நூலகத்தின் முகவரியை ஒட்ட வேண்டும். அது மாணவரின் எண்ணையும் கடவுச்சொல்லையும் வாங்கிப் பார்த்துவிட்டு உள்ளே விடும். அந்த ஒட்டுக்குத்தான் அக்கா வாசப்படி என்று பெயர் வைத்திருக்கிறார். பேராசிரியர்கள் தங்கள் அறையில் சௌகரியமாக உட்கார்ந்து, திறந்திருக்கும் கட்டுரையின் முகவரியை அப்படியே நகலெடுத்து வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்களுக்குத் திறக்கும், பிள்ளைகளுக்குத் திறக்காது. பிள்ளைகளோ தங்கள் அலைபேசிதான் சரியில்லை என்று நினைத்து வாயை மூடிக்கொள்வார்கள்.

“உள்ள உக்காந்து பார்த்தா எல்லாமே தொறந்துதான் சார் இருக்கும். வெளிய போய்த் தட்டிப் பாக்கணும்.”

இந்தத் தட்டிப் பார்க்கும் குணம் அலுவலகத்தோடு நிற்பதில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பவர்களை நாம் அறிவோம். அக்கா திறந்துவிட்டும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவருடைய கணவர் சொல்வது இது: “கதவத் தட்டறதுக்குச் சம்பளம் வாங்கறவங்க ஊர்லயே இவ ஒருத்திதான்.” சொல்லும்போது மனிதருக்கு என்ன பெருமை! காலைச் சாப்பாட்டின்போது அவருடைய அலைபேசியையும் அக்கா பிடுங்கிச் சோதிப்பதுண்டு. அதற்கும் காரணம் இருக்கிறது. “என் போன் என்னை ஞாபகம் வெச்சிருக்கும் சார். ஸ்டாஃப்னு தெரிஞ்சுகிட்டு மரியாதையா தொறந்து விட்டுடும். யாருன்னே தெரியாத போன்தான் உண்மையச் சொல்லும்.”

தொலைபேசியில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. மாணவர்கள் எடுத்த எடுப்பில் “வரலக்கா” என்பார்கள். “வரலைங்கறத விடு. என்ன எழுதியிருக்கு? அப்படியே படி” என்பார். படிக்கவைத்து, பிழையைக் கண்டுபிடித்து, சரிசெய்து, அந்தப் பக்கம் “வந்துடுச்சு!” என்று குதித்தாலும் விடுவதில்லை. “இப்ப மூடு. மறுபடி தொற.” முதல்தடவை திறப்பது அதிர்ஷ்டமாகக்கூட இருக்கலாமாம், இரண்டாம்தடவை திறந்தால்தான் திறந்ததாகக் கணக்கு. இதைக் கேட்டு எரிச்சலடையாத மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நான் போயிருந்த ஒரு முற்பகல், இயன்முறை மருத்துவம் படிக்கும் இறுதியாண்டு மாணவி ஒருத்தியிடமிருந்து செய்தி வந்தது. அப்பா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டதில், பல வாரங்களாக வீட்டிலிருந்து அவரைக் கவனித்துக்கொண்டிருக்கிறாள். அன்று பிற்பகல் வீடியோவில் செமினார். இப்படி முறிந்தவர்களை எவ்வளவு சீக்கிரம் எழுப்பி நடக்கவைக்கலாம் என்பதுதான் தலைப்பு. கட்டுரை திறக்கவில்லை.

அக்கா இணைப்பைப் பார்த்தார். வாசப்படி இருந்தது. சாலையைக் கடந்து போய்த் தன் அலைபேசியில் தட்டினார், திறந்தது. பழக்கடைக்காரரின் அலைபேசியை வாங்கித் தட்டினார். எண்ணையும் கடவுச்சொல்லையும் ஒழுங்காகக் கேட்டது. குற்றம் எதுவும் இல்லை. தர்பூசணி கையில் இருக்க, மாணவியை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“என்ன எழுதியிருக்கு? படி.”

“‘நீங்கள் இந்தக் கல்லூரியின் மாணவர் அல்ல’ன்னு இருக்குக்கா.” குரல் உடைந்தது. “லெட்டர் குடுத்துட்டுத்தானே லீவு போட்டேன்? என்னை எடுத்துட்டாங்களா?”

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் குரலில் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. “அப்படிச் சொல்றதுக்கு அது யாரு? நீ செமினாருக்கு ரெடி பண்ணு. போனப் பக்கத்துலயே வெச்சுக்க.”

மேசைக்குத் திரும்பியதும் கட்டுரையைக் கோப்பாக மாணவிக்கு அனுப்பிவைத்தார். காரியம் முடிந்தது என்று நினைத்து நானும் நாற்காலியில் சாய்ந்தேன்.

“எங்க சார் முடிஞ்சுது? இன்னிக்குப் படிச்சுடுவா. ஆனா வாசல் சாத்தியிருக்கே.”

மாணவர் பிரிவுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். அங்கிருந்த எழுத்தர் கணினியில் தேடிவிட்டுத் தலையைச் சொறிந்தார். “நீண்ட விடுப்புல இருக்கறவங்களையும் படிப்ப விட்டவங்களையும் சேர்த்து ஒரே லிஸ்ட்டாப் போட்டு நீக்கிட்டேன் மேடம். கவனிக்கல.” நானாக இருந்தால் ஒரு பிடி பிடித்திருப்பேன். அக்கா அவருடைய நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, “பரவால்ல தம்பி, இப்பவே மாத்திடுங்க. நான் நின்னுக்கறேன்” என்றார். நின்றார். அவ்வளவு பணிவாக ஒருவர் முதுகுக்குப் பின்னால் நின்றால் யாரால்தான் வேலையைத் தள்ளிப்போட முடியும்? அவளைப் போலவே விடுப்பில் இருந்து நீக்கப்பட்ட மற்றவர்களின் பெயர்களும் அப்போதே பட்டியலுக்குத் திரும்பின. எழுத்தருக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அக்கா அதில் உட்காரவில்லை.

திரும்பும்போது அவர் நூலகத்துக்குப் போகாமல் மறுபடியும் வாயிலை நோக்கித் திரும்பினார். வெயில் உச்சியில் இருந்தது. “அறையிலேர்ந்தே கூப்பிடலாமே?” என்றேன்.

“அவ வெளிய நிக்கறா சார். நான் உள்ள உக்காந்துகிட்டு ‘வந்துச்சா’ன்னு எப்படிக் கேக்கறது?” இந்த வாதத்தில் தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை என்பது அவருக்கும் தெரியும். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது அந்த நொடியில்தான்.

பழக்கடைக்காரர் காலையில் கடிபடாமல் போன துண்டுக்குப் பதிலாகப் புதிதாக ஒன்றை நீட்டினார். அக்கா அதை ஒரு கையில் வாங்கிக்கொண்டு மறுகையால் அழைத்தார். “இப்ப தட்டு.”

அந்தப் பக்கம் விசைகளின் சத்தம். யாரோ ஊன்றுகோல் தட்ட மெல்ல நடக்கும் சத்தமும் கேட்டது. பிறகு ஒரு கூச்சல். “வந்துடுச்சுக்கா! ‘நல்வரவு’ன்னு என் பேரப் போட்டு வருது! கட்டுரையும் வந்துடுச்சு!”

கடைக்காரர் கைதட்டினார். நானும் தட்டினேன்.

“மூடு,” என்றார் அக்கா.

“ஐயோ, வேணாங்க்கா. வந்ததே பெரிசு. செமினாருக்கு நேரமாச்சு.”

“மூடிட்டு மறுபடி தொற.”

தர்பூசணிச் சாறு அவருடைய மணிக்கட்டு வழியே முழங்கைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை. கடைக்காரர் ஏதோ கேட்க வாயெடுத்தார், அக்கா கண்ணாலேயே அடக்கினார். ஒரு பேருந்து இரைந்துகொண்டு போனது.

“தொறந்துடுச்சுக்கா,” என்றது குரல், இந்தமுறை நிதானமாக.

அக்கா தர்பூசணியைக் கடித்தார்.