ஞாயிற்றுக்கிழமையும் நிற்காத மிஷின்

மதினி காப்பியைக் குடிக்காமல் பித்தளை டம்ளரின் விளிம்பில் வலது கை நகத்தால் தட்டிக்கொண்டே இருந்தாள். மதுரையில் டாக்டருக்குப் படிக்கும் நான் லீவுக்குச் சிவகாசிப் பக்கத்து எங்கள் ஊர் விஸ்வநத்தம் வந்திருந்தேன். "என்ன தாளம், மதினி?" என்றேன். "தலைக்குள்ள அச்சாபீஸ் மிஷினு ஓடுதுல்லா, கொளுந்தனாரே. சிவகாசி மிஷினாவது ஞாயித்துக்கிழமை நிக்கும்" என்றாள். விளையாட்டாக அவளுடைய இடது மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி என் விரலில் இடிக்கும்போதெல்லாம் நகமும் டம்ளரில் பட்டது. ஒன்றுகூடப் பிசகவில்லை. அவள் கேட்பது தன் ரத்தம் ஓடும் சத்தம். இது காதுக் கோளாறே இல்லை!

போன தீபாவளிச் சீசனில் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து தீப்பிடித்து, இரும்புக் குழாயொன்று தெறித்து அவள் இடது கன்னத்தெலும்பை உடைத்தது. முகம் ஆறியது, அதோடு வந்த சத்தம் ஆறவில்லை. எங்கள் ஊரில் காதில் இரைச்சல் இல்லாதவர் யார்? "வெடிச்சத்தம் தங்கியிருக்கு, போயிரும்" என்றார்கள் எல்லோரும். இடது கண் சிவந்து பிதுங்கியபோது மருந்துத் தூசி என்றார்கள். புரண்டு படுத்தாலும், எழுந்து தெருவுக்கு ஓடினாலும் சத்தம் கூடவே வந்தது. வீட்டில் அடைபட்டவளுக்குக் கதவாவது இருக்கும். மதினி அடைபட்டிருந்தது தன் மண்டைக்குள்.

மூடிய இமையின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். உஸ்... உஸ்... என்று எனக்கும் கேட்டது. எப்போதோ படித்த ஞாபகத்தில், கழுத்தின் இடப்பக்கம் துடிக்கும் ரத்தக்குழாயை மெல்ல அழுத்தினேன். சத்தம் நின்றது. மதினி மூச்சுவிடவே பயந்தவள் போல உட்கார்ந்திருந்தாள். "அங்கனயே வச்சிருங்க. கைய எடுத்திராதீக" என்றாள். எம்புட்டு நேரம் அழுத்த முடியும்? எடுத்தேன். மிஷின் மறுபடி ஓடியது. அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மண்டைக்குள் தமனி கிழிந்து, கண்ணுக்குப் பின்னாலுள்ள சிரையோடு சேர்ந்துகொண்டது என்றார் மதுரை ஆஸ்பத்திரி சர்ஜன். கழுத்திலேயே தமனியைக் கட்டிவிட்டால் சத்தம் அடங்கலாம், கண்ணும் தப்பலாம். ஆனால் மூளையின் இடப்பக்கத்துக்கு ரத்தம் குறைந்து வலது கைகால் விழுந்துவிடவும் கூடும், பேச்சும் போகலாம். அண்ணன் வேண்டவே வேண்டாம் என்றான். "பேச்சு போனா உங்களுக்குத்தான லாபம்" என்று அவன் வாயை அடைத்துவிட்டு மதினியே சம்மதம் சொன்னாள்.

நாளைக் காலையில் கட்டப்போகிறார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த அதே டம்ளர் இப்போது அவள் மடியில்; நகம் இன்னும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறது. சற்றுமுன் என்னைக் கூப்பிட்டாள்.

"முழிச்சதும் இத என் வலது கையில குடுங்க. விரல் தட்டலேன்னா, சத்தம் நின்னுட்டுதுன்னு குதிச்சிராதீக, கொளுந்தனாரே. மொதல்ல அந்தக் கைய அசைக்கச் சொல்லிப் பாருங்க."