ரொட்டியக்கா எங்கே தூங்கினாள்?

ரொட்டியக்காவை நான் முதன்முதலில் தொட்டது நாடி பார்க்கத்தான். வார நாள், பகல் காட்சி, தியேட்டரில் ஆள் குறைவு. திரையில் இரண்டு கூட்டம் மாறி மாறிச் சுட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கைப் பெண் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, அசையாமல் கிடந்தாள். அந்தச் சத்தத்தில் ஒரு மனுஷி தூங்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்து, அதையே தொழிலாகச் செய்து ஓய்வு பெற்றவள் நான். கை தானாகப் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

நாடி சீராக இருந்தது. அவள் கண்ணைத் திறந்தாள்.

"படம் முடிஞ்சிருச்சா?"

"இல்ல. நீங்க முடிஞ்சிட்டீங்களோன்னு பார்த்தேன்."

அவள் சிரித்த சிரிப்பில் முன் வரிசையிலிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மற்றவர் டவுன் பஸ் டிரைவர். மூன்று பேரும் வாரம் தவறாமல் புதுப்படம் பார்ப்பவர்கள். பார்த்த கையோடு பேக்கரிக்குப் போய் உட்கார்ந்து, பார்த்த படத்தை நார் நாராகக் கிழிப்பவர்கள். அன்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அங்கே நாலாவது நாற்காலி என்னுடையது. என்னை எல்லோரும் சிஸ்டர் என்பார்கள். அவளை எல்லோரும் ரொட்டியக்கா என்பார்கள், அவளைவிட மூத்த கண்ணாடிக்காரர் உட்பட.

அந்தப் பேக்கரி அவளுடையது அல்ல. அங்கே அடுப்பு அவள் பொறுப்பு. ஊர் எழுந்திருக்கும் முன்பே போய் மாவு பிசையும் மெஷினை ஓடவிட்டு, விடியும்போது முதல் தட்டை வெளியே எடுத்துவிடுவாள். அவளுடைய இரண்டு முன்கைகளிலும் சூடான தட்டின் விளிம்பு பட்ட கோடுகள் ஏணிப்படி மாதிரி வரிசையாக இருக்கும். வெந்த ரொட்டியைக் கவிழ்த்து, அடியில் விரல் முட்டியால் தட்டிக் காது கொடுப்பாள். சத்தம் பிடிக்கவில்லை என்றால் மறுபடி உள்ளே போகும். வாங்க வந்தவர் வாசலில் நின்று கத்தினாலும் சரி. "வேகாததை வெந்துச்சுன்னு எப்படிக் குடுக்கிறது?" என்பாள். முதலாளியே அந்தப் பேச்சுக்குப் பழகிவிட்டார்.

வேலை முடிய நண்பகல் ஆகிவிடும். அதற்குப் பிறகு பகல் காட்சி. இருட்டு, குளிர்ச்சி, சாய்வான இருக்கை. தூக்கம் வராமல் என்ன செய்யும்?

சினிமாவுக்கு அவள் போக ஆரம்பித்ததே தூங்குவதற்குத்தான். கணவரைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள். "வேலை தேடிப் போனாரு சிஸ்டர். இன்னும் தேடிக்கிட்டு இருக்காரு போல." கையில் ஒரே பையன், துறுதுறு பையன். வீட்டில் அவனை விட்டுக் கண்ணை மூடினால் எழுந்திருக்கும்போது அடுப்பின் மேல் நிற்பான். தியேட்டரில் மட்டும் உட்கார்ந்த இடத்தில் இருந்தான். அவன் சட்டைக் காலரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அவள் தூங்குவாள். வீட்டுக்கு நடக்கும்போது, "நான் தூங்கினப்ப என்னடா ஆச்சு?" என்று கேட்பாள். அவன் சொல்லிக்கொண்டே வருவான். பாதிப் படத்தைத் திரையிலும் மீதியை அவன் வாயிலும் பார்த்தேன் என்பாள். அந்தப் பையன்தான் பிறகு சினிமாவில் உதவி இயக்குநராகப் பல வருஷம் அலைந்து, இப்போது சொந்தமாக முதல் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

எங்கள் நாற்காலிக் கூட்டத்தின் சட்டமும் அங்கிருந்து வந்ததுதான். பேக்கரியில் உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "அக்கா, எங்க தூங்கினீங்க?" அவள் இடத்தைச் சொல்வாள். படத்தைத் தூக்கிப் பிடிக்கிறவர் எவரோ, அவர் அந்த இடத்தை அவளுக்குச் சொல்லிக் காட்ட வேண்டும். கேட்டு, பார்க்காமல் போனோமே என்று அவள் வருந்தினால் படம் பிழைத்தது. இல்லாவிட்டால் விழுந்தது.

இது விளையாட்டு மாதிரி தெரியும். ஆனால் அவள் தராசு சரியான தராசு. துப்பறியும் படம் ஒன்று வந்தது. அதில் எல்லோரும் கிசுகிசுவென்றே பேசிக்கொள்வார்கள். கண்ணாடிக்காரருக்கு அது உயிர்.

"அந்த ஒளியமைப்பு இருக்கே சார், ஒவ்வொரு ஃப்ரேமும் ஓவியம்," என்று டிரைவரிடம் ஆரம்பித்தார்.

"ஓவியம்னா மாட்டி வெச்சிட்டுப் போயிருக்கலாமே. எதுக்கு ரெண்டரை மணி நேரம் ஓட்டினான்?" என்றார் டிரைவர்.

"உங்களுக்கு ஹாரன் சத்தம் இல்லாம எதுவும் பிடிக்காது."

"சண்டை அப்புறம்," என்றாள் ரொட்டியக்கா. "அவன் அந்த ஆபீசுக்குள்ள போனான். அதோட நான் போயிட்டேன். அப்புறம் என்ன சார் ஆச்சு?"

கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமினார். "உள்ள போறான். ஃபைலை எடுக்கிறான். யோசிக்கிறான். ஜன்னல்கிட்ட போய் நிக்கிறான். அங்கயும்..." நிறுத்தினார்.

"அங்கயும் யோசிக்கிறானா?"

"ஆமா."

"யோசிக்கட்டும் சார். நான் தூங்கினது நல்லதுதான்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அடுத்த மாதம் ஒரு காதல் படத்தில் அவள் உச்சக் காட்சியையே தூங்கித் தீர்த்தபோது, டிரைவர் அந்தக் காட்சியைச் சொன்ன விதத்தில் அவள் கை பன்னோடு பாதியில் நின்றது. மறுநாள் தனியாகப் போய் அந்தப் படத்தை மறுபடி பார்த்துவிட்டு வந்து, "நான் தூங்கினது என் தப்பு," என்றாள். அவளிடம் எனக்குப் பிடித்தது அதுதான். தன் தூக்கத்துக்கும் அவள் சப்பைக்கட்டு கட்டியதில்லை.

இதில் என் பங்கும் கொஞ்சம் உண்டு. வேலை அலுப்பில் வரும் தூக்கமும் படச் சலிப்பில் வரும் தூக்கமும் வேறு வேறு. அலுப்புத் தூக்கம் ஆரம்பத்திலேயே வரும். தலை பின்னால் சாயும், வாய் திறக்கும், ஆளை அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். சலிப்புத் தூக்கம் தயங்கித் தயங்கி வரும். தலை முன்னால் விழும், நிமிரும், மறுபடி விழும். எத்தனையோ கட்டில்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான், எனக்கு இது தப்பாது. அலுப்புத் தூக்கத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று நான் சொன்னதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

மகன் படம் முடிந்தது. தயாரிப்பாளரிடம் ஒப்படைப்பதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, எங்கள் நாலு பேருக்கும் மட்டும் போட்டுக் காட்டுவதாகச் சொன்னான். மாற்ற வேண்டுமென்றால் இனி மாற்ற முடிவது அந்த ஒரு வாரத்தில்தான்.

"உன் படத்துல நான் தூங்கிட்டா என்னடா செய்வ?" என்று கேட்டிருக்கிறாள்.

"நீ தூங்க மாட்டம்மா. மத்தவன் படத்துலதான் தூங்குவ."

அந்தப் பதில் அவளை உலுக்கிவிட்டது. நான் பார்க்க ஒரு நாள் லீவு எடுக்காதவள், காய்ச்சலிலும் அடுப்பு முன் நின்றவள், இரண்டு நாள் லீவு கேட்டாள். முதலாளி பயந்துபோய் என்னைக் கூப்பிட்டு, "அக்காவுக்கு உடம்புக்கு ஏதாவதா சிஸ்டர்?" என்றார். அவள் அந்த இரண்டு நாளும் தூங்கினாள். அலுப்பு என்ற பேச்சுக்கே இடம் வைக்கக் கூடாது என்று தூங்கினாள்.

ஒலிப்பதிவு ஸ்டூடியோ ஒன்றின் சின்ன அறை. இருபது நாற்காலி இருக்கும். விளக்கை அணைக்கும் முன் என் பக்கம் குனிந்தாள்.

"சிஸ்டர், நான் கண் அசந்தா எழுப்பிடாதீங்க."

"ஏன், இடிக்கத்தானே நான் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன்?"

"எழுப்பிட்டா, நான் அவன்கிட்ட பொய் சொன்ன மாதிரி."

படம் இரண்டு அண்ணன் தம்பிகளைப் பற்றியது. பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். அப்பா இறந்த பிறகு அவருடைய பழைய மர அலமாரியை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். தொடக்கம் நன்றாக இருந்தது. பணம் மிச்சம் பிடிக்க வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தெருவில் எல்லோரும் வேடிக்கை பார்க்க அவர்கள் படும் பாட்டுக்கு ரொட்டியக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு ஒரு மாடிப்படி வந்தது. வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டமாக எடுத்த காட்சி. ஏறினார்கள். நின்றார்கள். ஏறினார்கள். மூச்சு வாங்கினார்கள்.

அவள் தலை முன்னால் விழுந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தாள். மறுபடி விழுந்தது. நிமிர்ந்தாள். மூன்றாவது முறை நிமிரவில்லை. என் முழங்கை அவளைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. கஷ்டப்பட்டு அதை அசைக்காமல் வைத்திருந்தேன்.

விளக்கு எரிந்தபோது மகன் எங்களைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான்.

"ரசிச்சுப் பார்த்தாங்க தம்பி," என்றார் டிரைவர் அவசரமாக. "கண்ணை மூடி அப்படியே அந்த..."

"பின்னணி இசையை," என்று எடுத்துக் கொடுத்தார் கண்ணாடிக்காரர். அந்த மாடிப்படிக் காட்சியில் இசையே கிடையாது.

ரொட்டியக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தூங்கிட்டேன்டா. மாடிப்படியில. கடைசிச் சண்டையிலதான் முழிச்சேன்."

"வேலை அலுப்பும்மா," என்றான் அவன், என்னைப் பார்த்தபடி. நான் தலையாட்ட வேண்டும் என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

"ரெண்டு நாள் தூங்கிட்டு வந்தேன். அலுப்பு இல்ல," என்றாள் அவள்.

அவன் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். நாங்கள் பஸ் நிறுத்தத்தை நோக்கிப் பின்னால் நடந்தோம். டிரைவர் என் காதருகே, "ஒரு வார்த்தை மழுப்பியிருக்கலாம் சிஸ்டர். பெத்த பிள்ளை," என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் குரல் கொடுத்தாள்.

"டேய். நான் தூங்கினப்ப என்ன ஆச்சு?"

அவன் திரும்பவில்லை.

"சின்னப் பிள்ளையில கேட்காமலே சொல்லுவ. இப்பக் கேட்டாலும் சொல்ல மாட்டியா?"

கொஞ்ச தூரம் போய், திரும்பாமலே, வேண்டாவெறுப்பாகச் சொல்ல ஆரம்பித்தான். "படியேறுறாங்க. பெரியவன் மேல, சின்னவன் கீழ. பாதியில சின்னவன் கை வழுக்குது. பெரியவன் ஒண்ணும் சொல்லலை. அலமாரியைப் படியில சாய்ச்சு நிறுத்திட்டு, இறங்கி வந்து கீழ்ப் பக்கம் மாறி நின்னுக்கிறான். அவ்வளவுதான்."

ரொட்டியக்கா நின்றுவிட்டாள். "மாறி நின்னானா? அந்தப் பேசாதவனா?"

"ஆமா."

"பாரம் பூரா கீழ நிக்கிறவன் மேலதானேடா வரும்?"

"அதுக்குத்தான்மா மாறுறான்."

"இது உன் படத்துல இருக்கா?"

"இருக்கும்மா. படிக்கட்டுக் காட்சி முடியிற இடத்துல."

"நான் முழிச்சுத்தான் இருந்தேன் தம்பி," என்றார் டிரைவர் மெதுவாக. "எனக்குத் தெரியலையே."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். படிக்கட்டில் ஆள்களைத் தூக்கி இறக்கியே முதுகு போனவள் நான். கீழே நிற்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? எனக்கும் அது கண்ணில் படவில்லை. அத்தனை நேரம் ஏறிய ஏற்றத்தில் அந்த ஒரு அடி காணாமல் போயிருந்தது.

மகன் நடைபாதை நடுவில் பையை இறக்கி வைத்தான். "பெரியம்மா, உங்களுக்கும் தெரியலையா?" என்று என்னைக் கேட்டான். இல்லை என்றேன். மறுபடி ஒருமுறை, இப்போது தனக்கே, அந்தக் காட்சியை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். இரண்டு மூச்சில் முடிந்துவிட்டது. எங்கள் பஸ் வந்தது. அவன் ஏறவில்லை. பையை எடுத்துக்கொண்டு வந்த வழியே ஸ்டூடியோவுக்குத் திரும்பினான். போகிறவனை அவள் கூப்பிடவில்லை.

"கோபமா போறானா சிஸ்டர்?" என்று பஸ்ஸில் கேட்டாள்.

"கோபமா போறவன் வீட்டுக்குப் போவான்," என்றேன்.

படம் வெளியான அன்று அவள் லீவு எடுக்கவில்லை. "அன்னிக்குத் தூங்கிட்டுப் போய்த்தான் தூங்கினேன். இன்னிக்கு அடுப்புல நின்ன அலுப்போட போறேன்," என்று கையில் மாவோடு நேராகத் தியேட்டருக்கு வந்தாள். நாங்கள் நாலு பேரும் வழக்கமான வரிசையில். மகன் கடைசி வரிசையில். பெயர் போட்டு முடிவதற்குள் அவள் தலை பின்னால் சாய்ந்து வாய் திறந்தது. அலுப்புத் தூக்கம். நான் கவலைப்படவில்லை. அலமாரி தெருவுக்கு வந்தபோது முழித்தாள். படிக்கட்டு வந்தது. இப்போது ஏறுவது கொஞ்ச நேரம்தான். கை வழுக்கியது. பெரியவன் இறங்கி வந்து கீழே நின்றான். அரங்கில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். ரொட்டியக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அடுப்பில் பழகிய பிடி, வலித்தது. கடைசி வரைக்கும் அவள் விடவில்லை.

பேக்கரியில் அன்று ஐந்தாவது நாற்காலி போட்டோம். சட்டப்படி டிரைவர் ஆரம்பித்தார்.

"அக்கா, எங்க தூங்கினீங்க?"

"ஆரம்பத்துல. சிஸ்டர், அது கணக்குல வருமா?"

"வராது," என்றேன்.

கண்ணாடிக்காரர் விடவில்லை. "ஒரே ஓட்டமா எடுத்ததை வெட்டிட்டீங்களே தம்பி. அது ஒரு சாதனை இல்லையா?"

"அந்தச் சாதனையிலதான் சார் அம்மா தூங்கிட்டாங்க."

ரொட்டியக்கா அவன் முன் பன் தட்டை நகர்த்தினாள். "தெருவுக்கு வந்தப்பதான் கண்ணைத் திறந்தேன். அதுக்கு முன்னாடி என்னடா ஆச்சு?"

"அன்னிக்கே பார்த்தியேம்மா. அதை மாத்தலை."

"பரவாயில்ல, சொல்லு."

அவன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான்.