கிளட்சில் வைத்த கால்

திண்டிவனம் கடைத்தெருவில் அந்தக் கறுப்புக் கார் திரும்பும்போது எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கியர் மாற்றும்போதெல்லாம் கறகறவென்று இரும்பை இரும்பு கடிக்கும். டீக்கடையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டி முதலாளியின் கார் அது. படுக்கையில் கிடந்த அவருடைய அம்மாவுக்கு ஊசி போடவும் புண்ணுக்குக் கட்டுக் கட்டவும் நர்ஸான என்னைத் தினமும் அதில்தான் அழைத்துப் போவார்கள். தேய்ந்துபோன கியர் பெட்டியை விழுப்புரத்து மேஸ்திரி ஒருவரிடம் கொடுத்து, முழுக்கப் பிரித்துப் புதுப் பற்சக்கரங்கள் போட்டு வாங்கிய பிறகுதான் இந்தச் சத்தமே வந்தது. ஆகவே குற்றவாளி யார் என்பதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

முதலாளிக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒலக்கூர் பக்கத்திலிருந்து மூட்டை கொண்டுவரும் குடியானவர்களிடம்கூட மேஸ்திரியின் கைராசியைப் பற்றிப் பேசாமல் விடமாட்டார். மேஸ்திரியோ பல வருஷம் இன்னொருவரிடம் வேலை பார்த்துவிட்டு, அப்போதுதான் சொந்தமாக ஷெட் போட்டிருந்தார். மெக்கானிக் தொழிலில் பேர் கெட்டால் பூட்டைத் தொங்கவிட வேண்டியதுதான். வருகிற வண்டிகள் குறைய ஆரம்பித்துவிட்டதாக அவரே சொல்லியனுப்பினார். வண்டியை ஒரு தரம் கொண்டுவரச் சொல்லுங்கள், என்னவென்று பார்த்துவிடுகிறேன் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டிருந்தார். விழுப்புரத்தில் எனக்கு மருந்து வாங்க வேண்டியிருந்ததால் நானும் அந்தக் காரில் போனேன்.

ஓட்டியவர் முதலாளியின் டிரைவர். நாங்கள் எல்லாரும் அவரை டிரைவர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஓட்டினால் மடியில் வைத்த பால் செம்பு தளும்பாது. வண்டியில் ஏறும்போதே செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுவார். சோறு போடுகிற வண்டியைச் செருப்புக் காலால் மிதிக்கக் கூடாது என்று அந்தக் காலத்து டிரைவர்கள் பலருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. மேஸ்திரியும் அந்த ரகம்தான்.

சித்திரை வெயில். மேஸ்திரி முதலில் பெட்டியிலிருந்து கொஞ்சம் எண்ணெயை இறக்கி விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். இரும்புத்தூள் ஒன்றும் தட்டுப்படவில்லை. பிறகு தானே ஏறி உட்கார்ந்து இன்ஜினைப் போட்டார். கிளட்ச் பெடலில் வெறுங்காலை வைத்தவர் சட்டென்று இழுத்துக்கொண்டார். அதன் மேலிருந்த தடித்த ரப்பர் நைந்துபோயிருந்ததால் பெட்டியைப் பிரித்தபோது அவரே பிய்த்துப் போட்டிருந்தார். புதுசு மெட்ராஸிலிருந்து வரவேண்டும். இன்ஜின் சூட்டில் வெறும் இரும்பு கொதித்தது. காலில் ஒரு சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே ரிவர்ஸ் போட்டார். சத்தம் இல்லை. என்னையும் டிரைவர் அண்ணனையும் ஏற்றிக்கொண்டு கண்டமங்கலம் சாலையில் ஓட்டினார். எந்தக் கியரிலும் ஒரு முனகல்கூட இல்லை. பாதி வழியில் அண்ணனை ஓட்டச் சொன்னார். உடனே கறகறவென்றது. மேஸ்திரி கியர்க் கம்பியைப் பார்க்கவில்லை. ஷெட்டுக்குத் திரும்பும்வரை அண்ணனுடைய இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஷெட்டுக்கு வந்ததும் அண்ணனை டீ குடிக்க அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார். "நர்ஸம்மா, அவரு காலை ஒரு தபா பாருங்க. இரும்பு கொதிக்குது, அவரு வெறுங்காலை வச்சிக்கினு வர்றாரு. சூடே தெரியல." ரப்பர் இருந்தவரைக்கும் வழக்கமாக மிதிக்கிற அளவு போதுமாக இருந்தது, இப்போது அந்த உயரம் குறைந்ததால் ஒரு விரற்கடை கூடுதலாக மிதிக்க வேண்டும், காலில் உணர்ச்சி இருப்பவனுக்கு அது தானாகத் தெரிந்துவிடும் என்றார். கிளட்ச் முழுக்க விடுபடாமலே கியர் விழுகிறது. அதுதான் சத்தம்.

அண்ணன் வந்ததும் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சுத் திரியால் உள்ளங்காலைத் தொட்டேன். தொட்டதே தெரியாமல் சும்மா உட்கார்ந்திருந்தார். பாதத்தில் சூட்டுக் கொப்புளம் உடைந்து கிடந்தது. கணுக்காலுக்கு மேல் வெளிறிய ஒரு படை. என்ன நோய் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. "வெளிய தெரிஞ்சா எம் பொண்ணுங்களை எவன் கட்டுவான்?" என்று மட்டும் கேட்டார். இன்று அதற்கு மாத்திரை சுலபமாகக் கிடைக்கிறது, குணமாகும் என்று சுவரில் எழுதிப் போடுகிறார்கள். அன்று தொழுநோய் என்ற பேரைச் சொன்னாலே போதும், வேலை போகும், வீடு போகும், கிணற்றில் தண்ணீர் எடுக்க விடமாட்டார்கள்.

மேஸ்திரி ஷெட்டுக்குள் போய் ஸ்பேனரோடு திரும்பி வந்தார். "முதலாளிகிட்ட சொல்லுங்க, தப்பு என் பேர்லதான். பெட்டியை மறுபடி பிரிக்கணும், நாளாவும். அதுவரைக்கும் டிரைவருக்கு லீவு." பேர் என்னாவது என்று கேட்டேன். "எனக்குப் பேருதான் போவும்" என்று சொல்லிவிட்டுக் காருக்கு அடியில் போய்விட்டார். இல்லாத கோளாறுக்காக ஒரு நல்ல பெட்டியைக் கழற்றினார்.

அந்த இடைவெளியில் தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அண்ணனுக்கு மருந்து ஆரம்பித்தோம். வருஷக்கணக்கில் சாப்பிட்டார். கால் பிழைத்தது, மெல்லிய நொண்டல் மட்டும் தங்கிவிட்டது. கான்வாஸ் ஷூ போட ஆரம்பித்தவரைத் துரை என்று கேலி செய்தார்கள். மெட்ராஸிலிருந்து புது ரப்பர் வந்து சத்தம் நின்றதும் முதலாளி தன் அதட்டலுக்குப் பயந்துதான் மேஸ்திரி ஒழுங்காக வேலை செய்தான் என்று சொல்லிக்கொண்டார். மேஸ்திரி ஷெட்டைப் பூட்டவில்லை, ஆனால் கார்க்காரர்கள் வரவில்லை. கடைசிவரை டிராக்டரும் பம்புசெட்டும்தான் அவருக்குச் சோறு போட்டன.

சில வருஷம் கழித்து மாரடைப்பில் மேஸ்திரி இறந்துபோனபோது முதலாளியும் டிரைவர் அண்ணனும் நானும் அந்தக் காரில்தான் போனோம். பந்தலில் உட்கார்ந்த முதலாளி, நல்ல மனுஷன், என் கார் விஷயத்தில்தான் சறுக்கிவிட்டான் என்று வழக்கம்போல ஆரம்பித்தார். மேஸ்திரியின் மகன் தலை குனிந்து நின்றான். டிரைவர் அண்ணன் எழுந்தார். அவருடைய சின்னப் பெண்ணுக்கு அப்போதுதான் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணால் வேண்டாம் என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"பெட்டியில ஒரு கோளாறும் இல்லீங்க. கோளாறு என் கால்ல. எனக்குத் தொழுநோவு இருந்திச்சு. அது வெளிய தெரியக் கூடாதுன்னுதான் அவரு கெட்ட பேரை வாங்கிக்கினாரு."

பக்கத்தில் இருந்த ஒன்றிரண்டு பேர் நகர்ந்து உட்கார்ந்தார்கள். பாடை தூக்கும் நேரம் வந்தது. அண்ணன் ஓரமாக ஒதுங்கி நின்றார். கொள்ளிச் சட்டியோடு முன்னால் நின்ற மகன் திரும்பி, "அண்ணே, நீங்க வந்து தோள் குடுங்க" என்றான். அண்ணன் குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்க்கப் போனார். தெருவில் வெயில் கொளுத்தியது.

"வேணாண்ணே. போட்டுக்கினே வாங்க. காலு சுட்டா அப்பாவுக்குப் பொறுக்காது."